வெயிலம்மாளின் காலளவு

கரட்டுப்பட்டி வடக்குத் தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு பெண் உரக்கக் குரல் கொடுத்தாள். "ஏட்டி, கொசு சார் வந்துட்டாவ! தொட்டியக் கவுத்துங்க!" அடுத்தடுத்த வீடுகளில் குடம் உருளும் சத்தமும் தண்ணீர் கொட்டும் சத்தமும் கேட்டன. சுகாதார ஆய்வாளர் நல்லக்கண்ணு தனக்குள் சிரித்துக்கொண்டார். டெங்கு பரவிய வருஷத்திலிருந்து போகிற ஊரிலெல்லாம் அவருக்கு அதுதான் பெயர். இன்றைக்கு அவர் கொசுப்புழு பார்க்க வரவில்லை. உணர்ச்சியில்லாத தேமல் யார் உடம்பிலாவது இருக்கிறதா என்று வீடு வீடாக விசாரிக்கிற பதினைந்து நாள் முகாம். கூட வந்திருந்த பொன்மணி அந்த ஊர்க்காரி. வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை அவளுக்கு. ஓய்வுபெற இன்னும் ஐந்து மாதம் இருக்கிற நல்லக்கண்ணு, பத்து மாதத்துக்கு முன் இந்த வட்டாரத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து கரட்டுப்பட்டிக்கு மட்டும் ஏதாவது காரணம் சொல்லி வேறு ஆளை அனுப்பிவந்தார். இன்றைக்கு அனுப்ப ஆள் இல்லை.

"சார், இந்த வீட்ல ஒரு அத்தை இருக்காவ," என்றாள் பொன்மணி. "பிரஷர் பாக்கக் கைய நீட்டுவாவ. சுகருக்கு விரல நீட்டுவாவ. கால மட்டும் காட்டவே மாட்டாவ. நானும் நாலு மாசமாக் கேக்குதேன்."

வாசலில் காலை வைத்ததும் அந்த வாடை வந்தது. ஆட்டுப்புழுக்கை வாடையும் அடுப்புச் சாம்பல் வாடையும் நிறைந்த வீட்டில், அவற்றுக்கெல்லாம் அடியில், ஈரத்துணி மக்கிப்போனதுபோல லேசான இனிப்போடு ஒரு வாடை. அது எதிலிருந்து வருகிறது என்று நல்லக்கண்ணுவுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. எத்தனையோ வருஷம் கழித்தும் மூக்கு அதை மறக்காமல் வைத்திருந்தது. உள்ளே நார்க்கட்டிலில் அறுபது வயதிருக்கும் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வலது காலைச் சேலைத்துணியால் சுற்றி, சுற்றினதையும் கட்டிலுக்கு அடியில் இழுத்து வைத்திருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண் ஒரு கணம் அகன்று, உடனே தணிந்தது.

"யாரு சார் நீங்க?" என்றாள்.

வெயிலம்மாள். அவள் தெரியாதவள்போல் கேட்டது பொன்மணிக்காக என்று புரிந்தது. "சுகாதார ஆபீஸ்லேருந்து வந்திருக்கோம்மா," என்று அவரும் தெரியாதவர்போலச் சொன்னார். பிறகு பொன்மணியிடம், "நீ அடுத்த வீட்ட முடிச்சிரும்மா. கட்டுப் போடுத சாமானை மட்டும் வச்சிட்டுப் போ," என்றார்.

பொன்மணியின் செருப்புச் சத்தம் தேய்ந்து அடங்கியது.

"நரைச்சுப் போச்சே அண்ணாச்சி," என்றாள் வெயிலம்மாள்.

அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கேட்காமலே அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை. துணியைப் பிரித்தார். விரல்கள் இருந்த இடத்தில் இரண்டு மொட்டுகள் மட்டும் இருந்தன. உள்ளங்காலில், பெருவிரல் இருந்த இடத்துக்குக் கீழே, ஒரு ரூபாய் அகலத்துக்குக் குழி. குழியின் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது எலும்பு. சுற்றிலும் தோலின் வெடிப்புகளில் கரிசல் மண் ஏறியிருந்தது. கோடையில் பிளந்து கிடக்கிற புஞ்சையை யாரோ சின்னதாகச் செய்து அவர் மடியில் வைத்ததுபோல் இருந்தது.

"வலிக்கலையே அண்ணாச்சி," என்றாள் அவள், அவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. "வலிச்சாத்தான கவலப்படணும்?"

நல்லக்கண்ணு எண்பத்தெட்டாம் வருஷம் வேலைக்குச் சேர்ந்தபோது ஒவ்வொரு நோய்க்கும் தனி ஆபீஸ் இருந்தது. தனி ஜீப், தனி பதிவேடு, தனி ஆட்கள். ஒரே வீட்டுக்கு மூன்று பேர் சைக்கிளில் போவார்கள். மலேரியாக்காரர் சுவரைப் பார்த்து மருந்தடித்துத் தேதி எழுதிவிட்டுப் போவார். குடும்பநலத்து அம்மா வயிற்றைப் பார்ப்பாள். தொழுநோய்ப் பிரிவில் சேர்ந்த நல்லக்கண்ணு தோலைப் பார்ப்பார். ஒருவர் பார்ப்பது மற்றவர் கண்ணில் படாது. டீக்கடையில் சேர்ந்து உட்கார்ந்து வடை தின்னும்போதுகூட அவரவர் நோயைப் பற்றித்தான் பேச்சு. நோயின் பெயர் எழுதின ஜீப் தெருவுக்குள் வந்தால் கதவுகள் சாத்திக்கொள்ளும். எந்த வீட்டு வாசலில் அது நிற்கிறதோ அந்த வீட்டில் அப்புறம் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். அதனால் நல்லக்கண்ணு ஜீப்பை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்வார். பிறகு ஜீப்பையே விட்டுவிட்டு சைக்கிளில் போகத் தொடங்கினார்.

தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் தைமாதம், பருத்திக் காட்டில் வேலைக்கு வந்திருந்த பெண்களைப் பரிசோதித்தபோது வெயிலம்மாளின் முதுகில் அந்தத் தேமலைப் பார்த்தார். அப்போது அவளுக்கு முப்பது வயதிருக்கும். மடியில் ஒரு ஆண்பிள்ளை. பேனா முனையால் தொட்டபோது தெரியவில்லை என்றாள். வலது காலிலும் பாதிக்கு மேல் தெரியவில்லை. "வீட்டுக்கு வராதீங்க அண்ணாச்சி. அவியளுக்குத் தெரிஞ்சா வச்சிருக்க மாட்டாவ," என்று அந்த இடத்திலேயே அழுதாள். அவளுடைய புருஷன் கருப்பசாமி கெட்டவனில்லை. ஆனால் பெருவியாதி என்ற சொல்லுக்கு முன்னால் நல்லவன் எத்தனை நாள் நிற்பான் என்று நல்லக்கண்ணுவாலும் சொல்ல முடியவில்லை.

கண்மாய்க்கரையில் ஒரு பேச்சியம்மன் கோயில் உண்டு. கோயில் என்றால் ஒரு கல், ஒரு வேப்பமரம், ஒரு கைப்பம்பு. மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை வெயிலம்மாள் அங்கே விளக்குப் போட வருவாள். நல்லக்கண்ணு சைக்கிளை நிறுத்தி ஒரு கும்பிடு போடுவார். முதல் நாள் மாத்திரையைத் தன் கண் முன்னால் விழுங்கவைப்பது சட்டம். அவள் பம்பில் தண்ணீர் பிடித்து, அம்மனைப் பார்த்தபடி விழுங்குவாள். மீதி மாத்திரை அட்டையை விளக்குத்திரிச் சுருளோடு சேர்த்து முடிந்துகொள்வாள். மருந்தின் குணத்தால் அவள் மேனி கறுத்தபோது புருஷன் கேட்டானாம். "காட்டு வெயிலு," என்றாளாம். "பேருக்கு ஏத்தாப்புலதான இருக்கே," என்று அவனும் சிரித்திருக்கிறான். இரண்டு வருஷம், ஒரு மாதம் தவறாமல், அம்மன் சாட்சியாக அந்த மருந்தைத் தின்று அவள் குணமானாள். நோய் போய்விட்டது. செத்துப்போன நரம்பு மட்டும் திரும்பவில்லை. அந்தக் காலுக்கு முள் தெரியாது, சூடு தெரியாது. அதற்குத் தனிச் செருப்பு உண்டு. உள்ளே மெத்தென்ற கறுப்பு ரப்பர் வைத்தது. தூத்துக்குடியில் தைத்து வாங்கவேண்டும். அதற்காக அந்த வேப்பமரத்தடியில் பழுப்புக் காகிதத்தை விரித்து, அவள் காலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அளவெடுத்தார். அந்தக் காகிதத்தை அவளுடைய மருத்துவ அட்டையின் பின்னால் குத்தி வைத்தார்.

தொண்ணூற்று ஏழில் உத்தரவு வந்தது. இனிமேல் நோய்க்கு ஒரு ஆபீஸ் கிடையாது. தொழுநோய்க்காரர்கள் எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகாதார ஆய்வாளர்களாகச் சேரவேண்டும். நோயாளிகளின் அட்டைகளை அந்தந்த ஊர் கிராம செவிலியரிடம் ஒப்படைக்கவேண்டும். அது தப்பான உத்தரவு இல்லை. அந்த ஜீப் ஒழிந்ததே ஒரு புண்ணியம் என்று நல்லக்கண்ணு நினைத்தார். தொழுநோயாளியும் காய்ச்சல்காரனோடு ஒரே வரிசையில் நிற்கலாம், ஒரே பெஞ்சில் உட்காரலாம், யாருக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது. எத்தனையோ பேருக்கு அப்படி நல்லதாகவும் நடந்தது.

ஆனால் கரட்டுப்பட்டிக்குக் கிராம செவிலியராக இருந்தவள் சுகுணா. கருப்பசாமியின் சித்தி மகள். அவனுக்கு மூத்தவள். அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள்.

அந்த மாதச் செவ்வாய்க்கிழமை வெயிலம்மாள் விளக்கு ஏற்றவில்லை. அவர் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள். "சுகுணா மயினி கையில என் அட்ட போச்சுன்னா நான் இந்தக் கம்மாய்லதான் கெடப்பேன் அண்ணாச்சி. நீங்கதான் எனக்குக் கூடப்பெறந்தவரு. என் பேர எழுதாதீங்க."

நல்லக்கண்ணு ஒரு வாரம் அதைச் சுமந்துகொண்டு திரிந்தார். ஒப்படைக்கிற நாளுக்கு முந்தின நாள் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'ஊரை விட்டுச் சென்றுவிட்டார். விலாசம் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவளுடைய அட்டையை மட்டும் எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு பொய்தான். ஒரு குடும்பம் பிழைக்கிற பொய். அன்றைக்குச் சாயங்காலம் கடம்பூரில் பிள்ளைகளுக்குப் போளி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது மனசு லேசாக இருந்தது அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தார்.

மூன்று வருஷம் அவரே செருப்பு வாங்கிக் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடி. மஞ்சள் பையில் போட்டு அம்மன் கல்லுக்குப் பின்னால் வைப்பார். அதன் பிறகு குளத்தூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. உப்பளத்தில் மலேரியா, பிறகு சிக்குன்குனியா, பிறகு டெங்கு, குடிதண்ணீரில் குளோரின், பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை, கடைசியில் கொரோனா. முன்னால் மூன்று பேர் பார்த்த வீட்டை அவர் ஒருத்தரே பார்க்கவேண்டியிருந்தது. எல்லாவற்றையும் பார்க்கிற ஆளுக்கு எதையும் நின்று பார்க்க நேரமில்லாமல் போயிற்று. இடையில் எத்தனையோ முறை வெயிலம்மாளை நினைத்தார். தனக்குப் பின் அந்த வட்டாரத்துக்கு வந்தவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எப்படிச் சொல்வது? ஊரில் இல்லாத ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி யாரிடம் சொல்வது? இல்லை என்று எழுதியதே அவர்தானே. நாள் ஆக ஆக அந்த நினைப்பே ஒரு கடனைப் போலாகி, அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே பேச்சை மாற்ற ஆரம்பித்தார்.

இப்போது அவரே அடுப்பில் வெந்நீர் வைத்துப் புண்ணைக் கழுவினார். மண் கரைந்து தண்ணீர் கறுப்பாக ஓடியது.

"ஆறு செவ்வா வந்து பாத்தேன் அண்ணாச்சி," என்றாள் வெயிலம்மாள். அவள் குரலில் குறை இல்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "கல்லுக்குப் பின்னால கைய விட்டுப் பாப்பேன். அப்புறம் சாமிய மட்டும் கும்பிட்டுட்டு வந்துட்டேன்."

அவர் புண்ணின் ஓரத்தைப் பஞ்சால் துடைத்தார்.

"சுகுணா இப்ப எங்க?" என்று கேட்டார்.

"ரிட்டயர்டாகி ஒம்போது வருசமாச்சு. தூத்துக்குடில மவன் வீட்ல இருக்காவ."

சுகுணாவோடு பிற்காலத்தில் இரண்டு முகாம்களில் நல்லக்கண்ணு வேலை பார்த்திருக்கிறார். பக்கத்து ஊரில் பெருவியாதி வந்து விரல் இழந்த ஒரு கிழவருக்கு அவள் வாராவாரம் போய்க் கட்டுப் போட்டாள். யாராவது கேட்டால், "சுகர் புண்ணு," என்று சொல்லி வாயை மூடிக்கொள்வாள். இவர்கள் இரண்டு பேரும் யாரைக் கண்டு பயந்தார்களோ அவள் அப்படிப்பட்டவளாக இருந்தாள். அதை அவர் வெயிலம்மாளிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது?

"நாளைக்கு வாரேன்," என்று கட்டை முடித்துவிட்டு எழுந்தார். "கால கீழ ஊனாத. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போகணும். வெயிலம்மா, எலும்பு வரைக்கும் போயிருச்சு. வச்சிட்டிருந்தா முட்டிக்குக் கீழ எடுக்கச் சொல்லுவாங்க."

தன் காலை, யாரோ கொடுத்துவைத்த சாமானைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு நல்லக்கண்ணு தனியாக வந்தார். பையில் அந்தப் பழைய அட்டை இருந்தது. அத்தனை வருஷமும் அது அவர் வீட்டுப் பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது. போனில் அரசாங்கப் பதிவேட்டைத் திறந்து அவளுக்குக் காட்டினார். பெயர், வயது, ஆதார், ஊனத்தின் அளவு எல்லாம் அதில் ஏற்றவேண்டும். ஏற்றினால்தான் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். செருப்பு வரும், மருந்துக்கட்டு வரும், மாதாமாதம் உதவித்தொகைக்கும் எழுதலாம்.

"உன் ஆதார்ல எந்த நம்பரு குடுத்திருக்கு?"

"மவன் நம்பருதான். என்கிட்ட ஏது போனு?"

மகன் இசக்கிராஜா தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரியில் டிரைவர். நல்லக்கண்ணு தயங்கினார். இதில் பதிந்தால் அந்த நம்பருக்கு ஓ.டி.பி. போகும். கூடவே எந்த நோய், எந்தத் தேதியில் வரவேண்டும் என்று செய்தியும் போகும். அவன் நாகபுரியிலோ ஐதராபாத்திலோ ஏதோ ஒரு சாலையோரத்தில் டீ குடித்துக்கொண்டு அதைப் படிப்பான்.

அதை அவர் எடுத்துச் சொன்னதும் வெயிலம்மாளின் முகம் முப்பது வயதுக்குப் போய்விட்டது. வேப்பமரத்தடியில் பார்த்த அதே முகம்.

"எழுதாதீங்க அண்ணாச்சி."

"வெயிலம்மா..."

"எங்க வீட்டுக்காரவியளுக்குச் சாவுததுவரைக்கும் தெரியாது. அஞ்சு வருசத்துக்கு முன்னால இந்தக் கட்டில்லதான் உசுரு போச்சு. என் மடியிலதான் தலைய வச்சிருந்தாவ. கடைசிவரைக்கும் தெரியாமக் கொண்டுபோய்ச் சேத்துட்டேன். இனிமே எம்மவனுக்குத் தெரியவா? கால எடுத்தா எடுக்கட்டும். ஒத்தக் காலோட இருக்கது ஒண்ணும் கேவலமில்ல."

நல்லக்கண்ணு போனை மூடினார். வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. பழையபடி அவரே வந்து கட்டுப் போடலாம், செருப்பும் வாங்கிக் கொடுக்கலாம். ஐந்து மாதத்தில் ஓய்வு. அப்புறம் நேரமும் உண்டு. அந்த எண்ணம் எவ்வளவு இதமாக வந்து உட்கார்ந்தது என்பதைக் கண்டுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கும் இப்படித்தான் இதமாக இருந்தது.

"இந்தத் தடவ எழுதாமப் போக மாட்டேன்," என்றார்.

வெயிலம்மாள் அவரை நேராகப் பார்த்தாள். "அன்னைக்கு எழுதாமப் போனது உங்க எரக்கம். இன்னைக்கு எழுதுதது உங்க உத்தியோகமா?"

வெளியே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பெண்கள் இறங்கித் தெருவோடு பேசிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது. வெயிலம்மாள் அவசரமாகக் காலை உள்ளே இழுத்து, சேலையால் மூடினாள்.

"மருமவ வந்துட்டா. கொசு பாக்க வந்தேன்னு சொல்லிருங்க."

ஆனால் மருமகள் பத்திரகாளி ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தாள். கையில் தூக்குச்சட்டி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள், எதைக் கேட்டாள் என்று தெரியவில்லை. உள்ளே வந்து தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, அடுக்களைக்குப் போனாள். ஒரு பழைய ஈயச் சட்டியில் தண்ணீரும் உப்பும் கலந்து கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தாள். தண்ணீரில் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்தாள். தினமும் செய்கிற வேலையைச் செய்கிற கை அது.

"கால வைங்க அத்தே."

"நேத்துதான் கட்டுப் போட்டுருக்கு. இன்னைக்கு நனைக்கக்கூடாது தாயி," என்றார் நல்லக்கண்ணு.

அவள் சட்டியை நகர்த்தினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தினோம் சாயங்காலம் உப்புத்தண்ணில கால வைக்கணும்னு எங்க அம்ம வீட்டு வழக்கம்னு சொல்லி வச்சேன்," என்றாள், நல்லக்கண்ணுவைப் பார்த்து. "அப்படி ஒரு வழக்கமும் எங்க வீட்ல கெடையாது சார். நான் கட்டி வந்த முத மாசம், அடுப்புலேருந்து ஒரு கங்கு தெறிச்சு அத்த கால்ல விழுந்துச்சு. இவிய பாட்டுக்குப் பேசிட்டே இருந்தாவ. கரிஞ்ச வாட வந்தபெறவுதான் குனிஞ்சு பாத்தாவ. எங்க மாமா ஒருத்தருக்கு இந்த வியாதி இருந்துச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும்."

வெயிலம்மாள் மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

"பதினோரு வருசம் ஆச்சு அத்தே. காலைல பஸ்சுக்குப் போவதுக்கு முன்னால கக்கூஸ் வரைக்கும் பாதையக் கூட்டிப்போட்டுட்டுத்தான் போவேன், முள்ளு கெடக்கக்கூடாதுன்னு. உங்க செருப்புக்குள்ள பஞ்சு வச்சுத் தச்சேன். கொதிக்குத சட்டிய நீங்க தொடுததுக்கு முன்னால நான் எறக்கிருவேன். கேக்கலாம் கேக்கலாம்னு நெனப்பேன். நீங்க அவ்வளவு பாடுபட்டு மறைக்குதீங்க. கேட்டா நீங்க எங்கயாவது போயிருவீங்களோன்னு..."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நல்லக்கண்ணு சுவரைப் பார்த்தார். சுவரில் கருப்பசாமியின் படம் மாலையோடு இருந்தது. அவனுக்கும் தெரிந்திருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. பேருக்கு ஏற்றாப்போல் இருக்கிறாய் என்று சிரித்தானே, தெரிந்துதான் சிரித்தானோ. கேட்க ஆளில்லை. ஒரு மனுஷிக்கு வலிக்கக்கூடாது என்று அவளைச் சுற்றியிருந்த ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். நல்ல மனசோடுதான் மூடிக்கொண்டார்கள். அத்தனை நல்ல மனசுக்கும் நடுவில் அந்தக் கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கிறது. சாமி இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது என்று கேட்க நினைத்தார். பாதையைக் கூட்டிவிட்டுப் போன அந்தக் கையும் சாமி அனுப்பியதுதான் என்று தோன்றியதும் கேட்காமல் விட்டார்.

"தப்பு என்னோடதும்மா," என்றார். "உங்க அத்த இந்த ஊர்லயே இல்லன்னு எழுதினவன் நான்."

பத்திரகாளி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப இருக்காவன்னு எழுதுங்க சார். நம்பர மாத்த முடியுமா?"

"இ-சேவை மையத்துல போய் ஆதார்ல மாத்தணும். ரெண்டு மூணு நாளாவும். அதுவரைக்கும் நான் கையால எழுதிக் குடுக்கேன். பெரிய டாக்டருகிட்ட நானே கூட வந்து பேசுதேன்."

"அப்போ என் நம்பர எழுதுங்க. அவருக்கு எப்பச் சொல்லணுமோ அப்ப நான் சொல்லிக்கிடுதேன்." மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். "ஒங்க மவன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு அத்தே. சொன்னா நான் பாத்துக்கிடுதேன். நாளைக்கு நான் வேலைக்குப் போவல. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஒரு நாள் சம்பளம் போயிருமேட்டி," என்றாள் வெயிலம்மாள். அவள் அன்றைக்கு மருமகளிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சொல்லிவிட்டு அழுதாள். சத்தமில்லாமல், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் அழுதாள். பத்திரகாளி அவளைத் தேற்றவில்லை. எழுந்துபோய்க் காப்பிக்கு அடுப்பை மூட்டினாள்.

நல்லக்கண்ணு ஒரு வெள்ளைத்தாளில் எழுதினார். பெயர்: வெயிலம்மாள். கணவர் பெயர்: கருப்பசாமி (காலமானவர்). ஊர்: கரட்டுப்பட்டி. நோய் கண்ட வருஷம் என்ற இடத்தில் தொண்ணூற்று ஐந்து என்று எழுதினார். அதன் கீழே, இத்தனை வருஷம் கவனிப்பில் இல்லாததற்குக் காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 'பதிவு செய்த ஊழியரின் தவறு' என்று எழுதி, அடைப்புக்குள் தன் பெயரைப் போட்டார். ஓய்வுபெறுகிற நேரத்தில் இதற்கு என்ன விளக்கம் கேட்பார்களோ. கேட்கட்டும்.

காப்பி வந்தது. குடித்த பிறகு பையிலிருந்து அந்தப் பழைய அட்டையை எடுத்தார். பின்னாலிருந்த பழுப்புக் காகிதம் மடிப்புகளில் கிழிந்திருந்தது. குண்டூசி துருவேறி ஒரு சிவப்புப் பொட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"செருப்புக்கு அளவு எடுத்துக்கிடுதேன். புண்ணு ஆறட்டும், அது ஆவும்போது ஆவட்டும். அதுக்குள்ள தச்சு வச்சிரலாம்." கால் மிஞ்சுமா என்று தெரியாமலேதான் அதைச் சொன்னார். மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது.

புதுத் தாளைத் தேடிப் பையைத் துழாவினார். அதற்குள் வெயிலம்மாள் அவர் தரையில் வைத்த பழைய காகிதத்தை எடுத்து மடியில் விரித்துப் பார்த்தாள். பென்சில் கோடு மங்கியிருந்தாலும் தெளிவாகத் தெரிந்தது. குதிகால், நடுவில் உள்வாங்கின வளைவு, மேலே வரிசையாக ஐந்து விரல், கட்டைவிரல் மட்டும் சற்றே விலகி.

"இது யாரு காலு அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

அவள் பதிலுக்காகக் கேட்கவில்லை. காகிதத்தைத் தரையில் விரித்தாள். பத்திரகாளி அதன் ஓரங்களில் தூக்குச்சட்டியையும் காப்பி டம்ளரையும் வைத்து அழுத்தினாள். பிறகு மாமியாரின் கெண்டைக்காலை இரண்டு கையாலும் தாங்கி, கட்டுப் போட்ட காலை மெதுவாக, முழுப் பாரமும் விழாமல், அந்தக் கோட்டுக்குள் இறக்கினாள். குதிகால் சரியாகப் பொருந்தியது. மேலே, விரல்கள் இருந்த இடத்தில், ஐந்து சின்ன வளைவுகளும் வெறுமையாக இருந்தன.

தெருவில் யாரோ ஆட்டைப் பத்திக்கொண்டு போனார்கள். நல்லக்கண்ணு பென்சிலை எடுத்து, குதிகாலிலிருந்து தொடங்கினார்.